கடிகாரம் எண்ணும் தூக்கம்

ஜூலையில் சாம்சங், செப்டம்பரில் ஆப்பிள் என்று ஆண்டுக்கொரு முறை புது ஸ்மார்ட்வாட்ச் வந்துவிடுகிறது. தீபாவளி நெருங்கும்போது இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவான விலையில் நம் ஊர் பிராண்டுகள் ஆன்லைன் கடைகளில் குவிகின்றன. விலையில் இருபது மடங்கு வித்தியாசம் இருந்தாலும் இவை அனைத்தும் தவறாமல் வாக்களிக்கும் சங்கதி ஒன்று உண்டு: தூக்கம். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அதில் ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு, கனவுத் தூக்கம் எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்று காலையில் கண் விழித்ததும் சொல்லிவிடுகின்றன. கையில் ஏற்கெனவே இரண்டு மூன்று வருடப் பழைய வாட்ச் இருப்பவர்களுக்கு, தூக்கத்தை இன்னும் துல்லியமாக அளக்கும் என்பதற்காகப் புதியதற்கு மாறலாமா என்று தோன்றுகிறது. வாட்சே இல்லாதவர்களுக்கு, இதற்காகவே ஒன்று வாங்கலாமா என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது. தூக்கத்தைச் சில வாரங்கள் அளந்து பார்ப்பது பலருக்கும் பயன் தரும் என்பதே என் கருத்து. ஆனால் அந்தப் பயனைத் தருவது வாட்சில் இருக்கும் மிகப் பழைய, மிக எளிய திறமை. புது மாடல்கள் பெருமையாகக் காட்டும் நுணுக்கமான எண்களில் பெரும்பகுதி ஊகம். ஊகம் சரியாகவே அமைந்தாலும், அதை வைத்து நாம் செய்யக்கூடியது அநேகமாக ஏதுமில்லை.

தூக்கத்தை உண்மையில் எப்படி அளக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். மனித மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்ய முடியும் என்று ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-ல் வெளியிட்டார். தூங்குகிறவரின் கண்கள் சில வேளைகளில் இமைக்குள் வேகமாக ஓடுவதை 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் உலகுக்குச் சொன்னார்கள். நாம் கனவுத் தூக்கம் என்று அழைப்பது அதைத்தான். இந்த இரண்டின் மேல் கட்டப்பட்டதுதான் இன்று மருத்துவமனைகளில் நடக்கும் ஸ்லீப் ஸ்டடி. இரவு ஒன்பது மணிவாக்கில் படுக்க வருகிறவரின் தலையில் பசை தடவி மின்முனைகளை ஒட்டுவார்கள். கண்ணோரங்களில் இரண்டு, தாடைக்குக் கீழே, நெஞ்சில், கால்களில் என்று வயர்கள் போகும். மூக்கில் மூச்சை உணரும் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிஜன் மீட்டர். விடிந்ததும் அந்தப் பதிவை 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் பயிற்சி பெற்றவர் பார்த்து, இது விழிப்பு, இது லேசான தூக்கம், இது ஆழ்ந்த தூக்கம் என்று குறிப்பார். எட்டு மணி நேர இரவுக்கு 960 துண்டுகள். இத்தனைக்குப் பிறகும், ஒரே பதிவை வெவ்வேறு நிபுணர்களிடம் கொடுத்தால் நூற்றில் சுமார் 83 துண்டுகளில்தான் அவர்கள் ஒத்துப்போகிறார்கள். மூளை அலையைக் கண்ணால் பார்த்துச் சொல்வதிலேயே இவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மணிக்கட்டுக்கு வருவோம்.

வாட்சைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினால் சின்னக் கண்ணாடி வட்டத்துக்குள் பச்சை விளக்குகள் மினுக்குவது தெரியும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தோலுக்கடியில் உள்ள நுண்குழாய்களில் ரத்தம் சற்றுக் கூடும், திரும்பி வரும் ஒளி சற்றுக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் வாட்ச் இதயத்துடிப்பைச் சொல்கிறது. கூடவே கை எப்போது, எவ்வளவு அசைகிறது என்பதை உணரும் சிறு சென்சார் ஒன்றும் உள்ளே இருக்கிறது. தூக்கத்தைப் பற்றி வாட்சுக்கு நேரடியாகத் தெரிந்தவை முக்கியமாக இந்த இரண்டுதான். துடிப்பு மெதுவாகவும் சீராகவும் இருந்து கை அசையாமல் கிடந்தால் ஆழ்ந்த தூக்கமாக இருக்கலாம். கை அசையாமல் துடிப்பு மட்டும் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கினால் கனவுத் தூக்கமாக இருக்கலாம் என்று கணக்குப் போடுகிறது. தெருவில் நின்றுகொண்டு, மூடிய ஜன்னலின் இடுக்கில் வரும் வெளிச்சத்தையும் சத்தத்தையும் வைத்து வீட்டுக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்று சொல்வதைப் போன்ற வேலை இது. பழகப் பழக நிறையச் சரியாகச் சொல்லிவிடலாம். வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததாக மட்டும் ஆகாது.

எவ்வளவு சரியாகச் சொல்கிறது? அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கையில் கட்டுபவை, படுக்கையருகே வைப்பவை எனக் கடைகளில் விற்கும் ஏழு கருவிகளை, ஆரோக்கியமான 34 இளைஞர்களிடம் ஸ்லீப் ஸ்டடியோடு பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். ஒருவர் உண்மையாகவே தூங்கும் நேரத்தில் 93 சதவீதத்துக்கும் மேலாக எல்லாக் கருவிகளும் சரியாகப் பிடித்துவிட்டன. விழித்திருந்த நேரத்தைப் பிடிப்பதிலோ 18 முதல் 54 சதவீதம்தான். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெட்டியின் மேல் முதல் எண்ணைப் போட்டால் கருவி பிரமாதமாகத் தெரியும். ஆனால் படுக்கையில் பெரும்பாலான நேரம் தூங்குகிறவருக்கு, கண்ணை மூடிக்கொண்டு ‘தூக்கம், தூக்கம்’ என்று சொல்லிக்கொண்டே போனாலும் நல்ல மதிப்பெண் கிடைத்துவிடும். இரவெல்லாம் புரளாமல், விட்டத்தைப் பார்த்தபடி, விடிவதற்காகக் காத்துக் கிடக்கிறாரே, அவருடைய கணக்குத்தான் உதைக்கிறது. அசையாமல் கிடப்பதால் அந்த நேரத்தில் பெரும்பகுதியை வாட்ச் தூக்கத்தில் சேர்த்துவிடும். தூக்கம் வராமல் தவிக்கிறவருக்கே வாட்ச் அதிகம் தவறிப்போகிறது என்பது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம்.

அதெல்லாம் பழைய கருவிகள், இப்போது முன்னேறிவிட்டது என்று சொல்லலாம். உண்மைதான், முன்னேறியிருக்கிறது. 2024-ல் பாஸ்டன் ஆய்வாளர்கள் ஆப்பிள் வாட்ச், ஃபிட்பிட், ஓரா மோதிரம் மூன்றையும் 35 பேரிடம் சோதித்தபோது தூக்கமா விழிப்பா என்று பிரிப்பதில் மூன்றுமே நன்றாகச் செய்தன. ஆனால் தூக்கத்தின் கட்டங்களைப் பிரிக்கச் சொன்னபோது, எந்தக் கட்டம், எந்தக் கருவி என்பதைப் பொறுத்துச் சரியாகச் சொன்னது 50 சதவீதத்திலிருந்து 86 சதவீதம் வரை. ஆழ்ந்த தூக்கத்தை ஆப்பிள் வாட்ச் சராசரியாக 43 நிமிடம் குறைத்துக் காட்டியது. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஓரா நிறுவனம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே எந்தக் கருவி முந்தியது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நமக்கு வேண்டியது 43 நிமிடம் என்ற அளவுதான். வயது வந்த ஒருவருக்கு ஓர் இரவின் ஆழ்ந்த தூக்கமே ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான். அதில் 43 நிமிடம் தவறுவது, அரைக்கிலோ கல்லை ஒளித்துவைத்திருக்கும் தராசில் ஒரு கிலோ காய்கறி நிறுப்பது போல. முதல்தரமான ஆரோக்கியத்தோடு, சோதனைக்கூடத்தில் படுத்திருந்தவர்களுக்கே இந்தக் கணக்கு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், இதயத்துடிப்பு ஒழுங்கில்லாதவர், இரவில் நான்கு முறை எழுந்திருக்கும் முதியவர் ஆகியோருக்கு, துடிப்பை நம்பியே ஊகிக்கும் இந்தக் கணக்கு இன்னும் தடுமாறும்.

சரி, அந்த 43 நிமிடத்தையும் அடுத்த மாடல் சரிசெய்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் கேள்வி தீராது. சர்க்கரை நோயாளி விரலில் குத்தி குளுகோமீட்டரில் பார்க்கும் எண் அவர் சாப்பாட்டை மாற்றுகிறது, மாத்திரையின் அளவை மாற்றுகிறது. ரத்த அழுத்தத்தின் எண்ணும் அப்படித்தான். ஓர் அளவீட்டின் மதிப்பை, அது நம்முடைய எந்த முடிவை மாற்றுகிறது என்பதை வைத்தே எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன். ‘நேற்று ஆழ்ந்த தூக்கம் 52 நிமிடம்’ என்று காலையில் தெரிந்தவர் என்ன செய்வார்? ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் தனியாகக் கூட்டுவதற்கு நம் கையில் திருகாணி ஏதுமில்லை. அது வயது ஏற ஏறக் குறையும், ஒரே ஆளுக்கு ஓர் இரவுக்கும் மறு இரவுக்கும் மாறும், முந்தைய நாள் தூக்கம் கெட்டிருந்தால் மூளை தானாகவே அடுத்த நாள் அதிகம் எடுத்துக்கொள்ளும். அதற்காக நாம் செய்யக்கூடிய காரியங்கள், அதாவது சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம், உடம்புக்கு வேலை கொடு, குடியைக் குறை, நேரத்துக்குப் படு என்பவை, அந்த எண் 52 ஆனாலும் 95 ஆனாலும் ஒன்றுதான். எண் வருவதற்கு முன்பே நமக்குத் தெரிந்த பதிலை அது மாற்றுவதில்லை.

மாற்றாவிட்டால் பரவாயில்லை, கெடுதல் செய்யாதே என்று கேட்கலாம். செய்கிறது. 2017-ல் கெல்லி பாரன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மூவரும் தூக்கப் பட்டை கட்டியிருந்தவர்கள், அது காட்டும் எண்ணைச் சரிசெய்வதே குறியாக இருந்தவர்கள். எட்டு மணி நேரம் காட்ட வேண்டும் என்பதற்காகப் படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் கூட்டினார்கள். தூக்கமின்மைக்காரர்கள் செய்யவே கூடாத காரியம் அது. தூக்கம் வராமல் படுக்கையில் அதிக நேரம் கிடந்தால், படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிவிடும். ஸ்லீப் ஸ்டடியில் நன்றாகத் தூங்கியதாகத் தெரிந்த பிறகும் அதை நம்பாமல் பட்டையை நம்பியவரும் அவர்களில் இருந்தார். இந்தப் போக்குக்கு ‘ஆர்த்தோசோம்னியா’ என்று பெயர் வைத்தார்கள். மூன்று பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது சரி. ஆனால் வேறு வகைச் சோதனைகளும் அதே பக்கம் காட்டுகின்றன. 2014-ல் அமெரிக்காவின் கொலராடோ கல்லூரியில் மாணவர்களிடம், அவர்களுடைய கனவுத் தூக்கம் சராசரிக்குக் கூடுதல் என்றோ குறைவு என்றோ இட்டுக்கட்டிய எண்ணைச் சொல்லிவிட்டுக் கவனத்தைச் சோதிக்கும் கணக்குகளைக் கொடுத்தார்கள். நன்றாகத் தூங்கியதாகச் சொல்லப்பட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள், மோசம் என்று சொல்லப்பட்டவர்கள் திணறினார்கள். உண்மையில் எப்படித் தூங்கினார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2018-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் தூக்கமின்மை உள்ள 63 பேர் கையில் கருவியைக் கட்டி, காலையில் அது தந்ததாகப் பொய்யான முடிவைக் காட்டினார்கள். மோசமான முடிவைப் பார்த்தவர்களுக்கு அன்று பகலில் சோர்வும் மனவாட்டமும் கூடின.

இவ்வளவு சொன்ன பிறகு, தூக்கத்தை அளப்பதே வேண்டாத வேலை என்று முடித்துவிடலாம் போலிருக்கும். அப்படி முடிக்க மாட்டேன். வாட்ச் நன்றாகச் செய்யும் ஒரு வேலை இருக்கிறது, அது உண்மையிலேயே முக்கியமான வேலை. எப்போது படுத்தோம், எப்போது எழுந்தோம், ஒவ்வொரு நாளும் இந்த நேரங்கள் எவ்வளவு முன்பின் போகின்றன என்பதை அது பதிந்துவைக்கிறது. பிரிட்டனில் யுகே பயோபேங்க் என்ற பெரும் ஆய்வுத் திட்டத்தில் 2013-க்கும் 2015-க்கும் இடையில் சுமார் ஒரு லட்சம் பேர் ஒரு வாரம் மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டார்கள். அதற்குத் திரை கிடையாது, பச்சை விளக்கு கிடையாது, இதயத்துடிப்பு தெரியாது. கை அசைவதை மட்டும் பதியும். அவர்களில் 60,977 பேருடைய பதிவுகளைப் பின்னாளில் எடுத்து, யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இறந்தார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழுந்தவர்களுக்கு, மிக ஒழுங்கற்றுத் தூங்கியவர்களைவிட இறப்பு அபாயம் 20 முதல் 48 சதவீதம் வரை குறைவாக இருந்தது. எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பதைவிட எவ்வளவு ஒழுங்காகத் தூங்கினார்கள் என்பதே ஆயுளை நன்றாகக் கணித்தது. நோயாளிகளும் இரவுப்பணிக்காரர்களும் இயல்பாகவே ஒழுங்கற்றுத் தூங்குவார்கள். ஆகவே ஒழுங்கின்மைதான் உயிரைக் குடித்தது என்று இதை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் கட்டங்களைப் பற்றிய எந்த எண்ணைவிடவும் இதில் பிடிமானம் அதிகம். காரணம், இந்த எண்ணைக் கண்டு நாம் ஏதாவது செய்ய முடியும்.

வார நாட்களில் ஆறு மணிக்கும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கும் எழுகிறவர், இடைப்பட்ட நான்கு மணி நேரத்தைத் தன் உடம்பின் கடிகாரத்துக்கு வாராவாரம் திருகிக்கொடுக்கிறார். ‘நான் பதினோரு மணிக்கெல்லாம் படுத்துவிடுவேன்’ என்று மனசார நம்புகிறவர், மூன்று வாரப் பதிவைப் பார்த்தால் பன்னிரண்டரைக்கு முன்பு விளக்கணைந்த நாள் இரண்டோ மூன்றோதான் என்று தெரிந்துகொள்வார். இந்த இடத்தில் வாட்ச் நம் ஞாபகத்தைவிட நேர்மையான சாட்சி. பகலெல்லாம் தூங்கி வழிவதற்குக் காரணம் தெரியாமல் சத்து மாத்திரை தேடுகிறவர்களில் எத்தனையோ பேருக்கு வேண்டியது ஒரு மணி நேரம் முன்னதாகப் படுப்பது. வயது வந்தவருக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பதுதான் மருத்துவர்களின் பரிந்துரை. தீராத தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பு தரவேண்டிய முதல் சிகிச்சை என்று 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்த உளவியல் பயிற்சியும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. தூங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் இரண்டு வாரம் குறித்துவரச் சொல்வார்கள். எழும் நேரத்தை மாற்றாமல் பிடித்துவைக்கச் சொல்வார்கள். அதற்கு ஒரு பழைய டைரியும் பேனாவும் போதும். தூங்காமல் விழித்துக் கிடந்த நேரத்தைப் பொறுத்தவரை டைரியைத்தான் நம்ப வேண்டும். படுத்த நேரம், எழுந்த நேரம் ஆகியவற்றை மறக்காமல் குறிக்க வாட்ச் வசதி. பத்து வருடத்துக்கு முன்பு வந்த பட்டைகூட இந்த வேலையைச் செய்துவிடும்.

இனிப் புது மாடலுக்கு மாறுவதைப் பார்ப்போம். ஆப்பிளையே எடுத்துக்கொள்கிறேன், அதன் வரலாறு தெளிவாக இருப்பதால். 2020-ல் தூங்கும் நேரத்தைச் சொல்லத் தொடங்கியது. 2022-ல் தூக்கக் கட்டங்களைச் சொல்லத் தொடங்கியது. அது சாஃப்ட்வேர் அப்டேட்டாகப் பழைய வாட்சுகளுக்கும் வந்தது. 2024-ல் சீரிஸ் 10 வந்தபோது தூக்கத்தில் மூச்சு தடைபடுவதைக் கண்டறியும் வசதி பெரிய செய்தியானது. முந்தைய வருடத்து சீரிஸ் 9-க்கும் அதே வசதி கிடைத்தது. 2025-ல் சீரிஸ் 11-ஓடு தூக்க மதிப்பெண் வந்தது, உயர் ரத்த அழுத்தம் இருக்கலாம் என்ற எச்சரிக்கை வந்தது. இவையும் பழைய சில மாடல்களுக்கு அப்டேட்டாகவே போய்ச் சேர்ந்தன. சீரிஸ் 11-க்குள் இருக்கும் சிப் சீரிஸ் 10-ல் இருந்த அதே எஸ்10 தான். ஆக, தூக்கத்துக்காகக் காத்திருக்காமல் மாறியவருக்குக் கிடைத்ததில் பெரும்பாலானவை, மாறாமல் இருந்தவருக்கும் பெரும்பாலும் அதே பருவத்தில் கிடைத்துவிட்டன. புதிய திறமை என்பது பெரும்பாலும் கணக்குப் போடும் முறையில் இருக்கிறது. அது காற்றில் வந்து இறங்கிவிடும். எந்தப் பழைய மாடல் வரை இறக்குவது என்பதை நிறுவனம்தான் தீர்மானிக்கிறது என்பது வாங்குகிறவருக்குப் பாதகமான அம்சம், மறுக்கவில்லை. இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்: மருத்துவ வசதிகளுக்கு நாட்டுக்கு நாடு தனி அனுமதி வேண்டும் என்பதால், விளம்பரத்தில் பார்த்த வசதி நம் நாட்டில் திறக்கப்பட்டிருக்கிறதா, நம் போனோடு வேலை செய்யுமா என்று.

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய பலமான ஆட்சேபம் அந்த மூச்சுத்தடைதான். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி அடைபட, மூச்சு பத்து விநாடி, இருபது விநாடி நின்று, உடம்பு திடுக்கிட்டு மீளும். தூங்குகிறவருக்கு இது தெரியாது; காலையில் தலைவலியும் பகலில் தூக்கக் கலக்கமும்தான் மிஞ்சும். கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, வண்டி ஓட்டும்போது கண்ணயர்வது என்று போகும். இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் போட்ட கணக்குப்படி, சுமார் 10.4 கோடி இந்தியர்களுக்கு இது இருக்கிறது. இதற்குச் சிகிச்சையும் உண்டு. 1981-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய சீபாப் கருவி, முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்திக் காற்றுவழியைத் திறந்துவைக்கிறது. ஆகவே இங்கே வாட்சின் எச்சரிக்கை ஒரு முடிவை மாற்றக்கூடியது. நான் மேலே சொன்ன சோதனையில் இது தேறிவிடுகிறது. சாம்சங்கின் வசதிக்கு 2024 பிப்ரவரியிலும் ஆப்பிளின் வசதிக்கு அதே ஆண்டு செப்டம்பரிலும் அமெரிக்க அரசின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி கொடுத்தது. இதைப் பயனற்றது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அந்த எச்சரிக்கையின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஆப்பிளே வெளியிட்ட சோதனை முடிவின்படி, நோய் இல்லாதவரை அது வீணாகப் பயமுறுத்துவது மிக அரிது. நூற்றில் ஒருவர், இருவருக்குத்தான். ஆனால் நடுத்தர, தீவிர நிலையில் நோய் உள்ளவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினரைத்தான் அது பிடித்தது. வாட்ச் எச்சரித்தால் தட்டாமல் மருத்துவரிடம் போக வேண்டும். வாட்ச் பேசாமல் இருந்தால் நோயில்லை என்று அர்த்தம் ஆகாது. குறட்டை வீட்டையே எழுப்புகிறது, நடுவில் மூச்சு நின்றுபோவதைப் பக்கத்தில் படுத்திருப்பவர் பார்த்திருக்கிறார் என்றால், அதைவிட நல்ல சாட்சி எந்த வாட்சிலும் இல்லை. டொரண்டோ மருத்துவர் ஃபிரான்சஸ் சங் குழுவினர் 2008-ல் வெளியிட்ட எளிய கேள்வித்தாளை இன்றும் உலகமெங்கும் மயக்க மருந்து நிபுணர்கள் அறுவை சிகிச்சைக்கு முன்பு பயன்படுத்துகிறார்கள். குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம், உடல் பருமன், ஐம்பதைத் தாண்டிய வயது, கழுத்தின் சுற்றளவு, ஆணா என்று எட்டே கேள்விகள். கழுத்தை அளக்கத் தையற்காரரின் நாடா போதும், 40 செ.மீ.-க்கு மேல் என்றால் ஒரு மதிப்பெண். இதில் மூன்று, நான்கு கேள்விகளுக்கு ‘ஆமாம்’ என்கிறவர், புது வாட்சுக்கு வைத்திருக்கும் பணத்தை நேராக ஸ்லீப் ஸ்டடிக்குக் கொடுப்பது நல்லது. ஒருவருக்கு மட்டும் விதிவிலக்குச் சொல்வேன். தனியாக வசிக்கிறவர், இரவில் தன் குறட்டையைக் கேட்க ஆளில்லாதவர். அவர் கையில் இந்த வசதியுள்ள வாட்ச் இருப்பது வீண்செலவு ஆகாது.

தோலின் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது என்பதால். ஒளியை வைத்து ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் கருவிகளில் தோலின் நிறமி குறுக்கிடும். மருத்துவமனையில் விரலில் மாட்டும் தரமான மீட்டர்களே, உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தபோதும் நன்றாக இருப்பதாகக் காட்டிய தவறு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. மணிக்கட்டு இன்னும் கடினமான இடம். வாட்ச் தளர்ந்திருந்தாலும், கை தலைக்கடியில் மாட்டியிருந்தாலும் அளவு கெட்டுப்போகும். மூச்சுத்தடையைக் கண்டறிய சாம்சங் ஆக்சிஜன் அளவை நாடுகிறது, ஆப்பிள் மணிக்கட்டின் நுண்ணசைவை நாடுகிறது. இரண்டாயிரம் ரூபாய் வாட்ச் காட்டும் ‘98 சதவீதம்’ என்ற எண்ணைப் பார்த்து மூச்சுத்திணறும் முதியவரை வீட்டிலேயே வைத்திருப்பது ஆபத்து. அந்த எண்ணுக்குப் பின்னால் மருத்துவச் சோதனை எதுவும் இருந்தாக வேண்டிய கட்டாயமே இல்லை.

மாறுவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. விளம்பரத்தில் அது ஓரமாகத்தான் நிற்கும். பேட்டரி. 2015-ல் வந்த முதல் ஆப்பிள் வாட்சுக்கு 18 மணி நேரம் என்றார்கள். 2024-ன் சீரிஸ் 10-க்கும் அதே 18 மணி நேரம்தான். 2025-ல்தான் 24 ஆனது. பகலெல்லாம் கட்டி, இரவிலும் கட்டித் தூங்குகிறவர் எப்போது சார்ஜ் போடுவது? குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் கழற்றிவைக்கப் பழகிக்கொள்கிறார்கள். ஆயிரம் முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கினால் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதமாகும் என்பது நிறுவனத்தின் கணக்கு. தினமும் ஒருமுறை என்றால் மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த வயதில் வாட்ச் அதிகாலை மூன்று மணிக்கு அணைந்துபோகத் தொடங்கும். அப்போதும் முதலில் விசாரிக்க வேண்டியது பேட்டரியை மட்டும் மாற்ற என்ன ஆகும் என்பது. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனாலோ, பேட்டரி மாற்றும் செலவு பாதி விலையைத் தொட்டாலோ புதியது வாங்குவதில் தவறில்லை. தூங்கும் நேரம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவருக்கு, ஒரு சார்ஜில் ஒரு வாரம் நிற்கும் மலிவான பட்டை, தினமும் சார்ஜ் கேட்கும் விலையுயர்ந்த வாட்சைவிட நன்றாகவே உதவும்.

கட்டத்தைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும், வாட்ச் கட்டிய பிறகுதான் நேரத்தோடு படுக்கிறேன் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மறுத்துப் பேச எனக்கு மனமில்லை. பழக்கம் மாறியிருந்தால் அது நல்லதே. அவர்களை மாற்றியது எது என்று மட்டும் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். இரவு பத்தரைக்கு மணிக்கட்டில் வரும் சின்ன அதிர்வு, ‘படுக்கும் நேரம்’ என்ற வரி, காலையில் தெரியும் மொத்த மணி நேரம் ஆகியவையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அவையெல்லாம் பழைய வாட்சிலேயே உண்டு. எண்ணைப் பார்த்ததும் மனம் சோர்ந்துபோகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது: தூக்க அறிவிப்பை அணைத்துவிட்டு, மாதக் கடைசியில் ஒருமுறை மட்டும் படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டின் வரைபடத்தைத் திறந்து பார்ப்பது. அன்றாடம் எப்படித் தூங்கினோம் என்பதை, பல் துலக்கும்போது உடம்பு சொல்லிவிடும்.

தூக்கம் சரியில்லை என்று மருத்துவரிடம் போகிறவர் போனை நீட்டி வண்ண வண்ணக் கட்டங்களைக் காட்டினால், அனுபவமுள்ள மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு வேறு கேள்விகளுக்குப் போவார். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், லீவு நாளில் எப்படி, நடுவில் எத்தனை முறை எழுகிறீர்கள், குறட்டை உண்டா, மதியம் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கடைசி காபி எப்போது. இரண்டு வாரத்துக்கான நேரக்குறிப்பைக் கையில் கொண்டுபோனால் முதல் மூன்றுக்கும் அங்கேயே பதில் இருக்கும். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும், பக்கத்தில் தூங்குகிறவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.